எது மேலே வர வேண்டும், எதை நீக்க வேண்டும்: விவாதத் தளம் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் கூடிப் பேசும் ஒரு தமிழ்த் தளத்தில் ஒன்பது ஆண்டுகளாக மட்டுறுத்துநராக, அதாவது பதிவுகளைக் கவனித்து ஒழுங்குபடுத்துகிறவராக, இருக்கிறேன். பதிவுகளை எப்படி வரிசைப்படுத்துவது, எதை விட்டுவைப்பது, எதை நீக்குவது என்று மற்ற தளங்களை நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாக எழுதிவந்த பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

வரிசைப்படுத்துவது வேறு, மட்டுறுத்துவது வேறு இல்லையா? இரண்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

நானும் முதல் சில வருடம் வேறு வேறு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கோடையில் நடந்தது அந்த எண்ணத்தை மாற்றியது.

உறுப்பினர் ஒருவர் தன் செம்பருத்திச் செடியின் கொழுந்தில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக இருப்பதைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். மாவுப்பூச்சி. இரண்டாவது மறுமொழியிலேயே ஒரு அம்மா சரியான பதிலைச் சொல்லிவிட்டார். பூச்சி மொய்த்த கொழுந்தை ஒடித்து அப்புறப்படுத்துங்கள், தண்டைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள், எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். அதற்கு விழுந்தது ஒரே ஒரு வாக்கு. ஏழாவது மறுமொழியில் இன்னொருவர் ஒரு ரசாயன மருந்தின் பெயரைச் சொன்னார். அப்புறம் இயற்கையா ரசாயனமா என்று 140 மறுமொழிக்குச் சண்டை. அப்போது எங்கள் தளத்தில் கடைசியாக மறுமொழி வந்த திரி (ஒரு பதிவும் அதன் மறுமொழிகளும் சேர்ந்தது) மேலே ஏறும். திரிக்குள்ளும் புதியதுதான் முதலில் தெரியும். மூன்று நாள் அந்தத் திரி முதலிடத்தில் இருந்தது. அந்த அம்மாவின் பதில் கேள்வி கேட்டவரின் கண்ணில் படவே இல்லை. செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டதாக நான்காம் நாள் எழுதினார்.

நாங்கள் 30 மறுமொழிகளை நீக்கினோம், இரண்டு பேரை ஒரு வாரம் நிறுத்திவைத்தோம். வரிசை ஒழுங்காக இருந்திருந்தால் அதில் பாதி வேலை வந்தே இருக்காது. விதிப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும், உள்ளே வருகிறவர் மேலே தெரிவதைப் பார்த்துத்தான் இங்கே எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுக்கொள்கிறார். அதனால் புதிதாக ஒரு நீக்கல் விதி எழுதப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்னால் உங்கள் வரிசையை ஒருமுறை பாருங்கள்.

வாக்குகளை எண்ணி, அதிகம் வாங்கியதை மேலே வைத்தால் போதாதா?

போதாது. போன மாதம் 300 வாக்கு வாங்கிய பதிவு மேலேயே உட்கார்ந்துகொள்ளும், இன்று வந்தது கீழேயே கிடக்கும். வாக்கோடு வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2007இல் பால் கிரஹாம் தொடங்கிய, தொழில்நுட்பச் செய்திகளைப் பகிர்ந்து பேசும் ஹேக்கர் நியூஸ் தளத்தின் சூத்திரம் வெளியே தெரிந்த ஒன்று. வாக்குகளில் ஒன்றைக் கழித்து, பதிவின் வயதோடு (மணிக்கணக்கில்) இரண்டைக் கூட்டி அதன் 1.8 அடுக்கால் வகுக்கிறார்கள். போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் முன்பு வந்து 10 வாக்கு வாங்கிய பதிவுக்குக் கிடைப்பது சுமார் 1.25. பத்து மணி நேரம் முன்பு வந்து 100 வாக்கு வாங்கியதற்குச் சுமார் 1.13. புதியது மேலே போகிறது. இதற்கு மேல் அங்கே மதிப்பெண்ணைக் குறைக்கும் வேறு கழிவுகளும் உண்டு. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2005இல் தொடங்கிய ரெடிட் என்ற பெரிய விவாதத் தளம் வேறு வழி பிடித்தது. அவர்கள் நிரலைத் திறந்து வைத்திருந்த காலத்தில் அந்தக் கணக்கை யாரும் பார்க்க முடிந்தது. வாக்குகளின் மடக்கையை எடுத்துக்கொண்டு, அதோடு பதிவு வெளியான நேரத்தைக் கூட்டினார்கள். முதல் 10 வாக்குக்கு எவ்வளவு மதிப்போ, அடுத்த 90 வாக்குக்கும் அவ்வளவுதான். 12.5 மணி நேரம் பழைய பதிவு, புதியதோடு சமமாக நிற்கப் பத்து மடங்கு வாக்கு வாங்க வேண்டும்.

இந்த எண்களை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு நாளைக்கு 20 பதிவு வரும் தளத்தில் 12.5 மணி நேரம் ரொம்ப அவசரம். எங்கள் தளத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி கேட்ட கேள்வி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கண்ணில் பட வேண்டும். ஏனென்றால் வாரக் கடைசியில்தான் எல்லாரும் மண்ணைக் கிளறிவிட்டு வந்து உட்காருவார்கள். உங்கள் ஆட்கள் எப்போது வருகிறார்கள் என்று பார்த்து அந்த எண்ணை வையுங்கள்.

மறுமொழிகளுக்கும் இதே கணக்கா?

இல்லை. மறுமொழிகளில் புதுசு பழசு முக்கியமில்லை, நல்ல பதில் எது என்பதுதான் முக்கியம்.

ஆதரவு வாக்கிலிருந்து எதிர்வாக்கைக் கழித்து வரிசை போட்டால் 40 ஆதரவும் 20 எதிர்ப்பும் வாங்கிய பதில், 9 ஆதரவும் ஒரு எதிர்ப்புகூட இல்லாத பதிலுக்கு மேலே வந்துவிடும். சரி, சதவீதம் பார்க்கலாம் என்றால் ஒரே ஒரு வாக்கு வாங்கியது 100 சதவீதத்தோடு முதலிடத்துக்கு வந்துவிடும். இதற்குத் தீர்வு எட்வின் வில்சன் என்ற புள்ளியியலாளர் 1927இலேயே எழுதிவைத்த ஒரு கணக்கு. இத்தனை வாக்குகளைப் பார்த்தால் இந்தப் பதிலின் உண்மையான ஆதரவு குறைந்தபட்சம் எவ்வளவு இருக்கும் என்று அது மதிப்பிடும். 2009இல் ரெடிட் தன் மறுமொழி வரிசைக்கு இதை எடுத்துக்கொண்டது.

95 சதவீத நம்பிக்கை அளவில் நான் போட்டுப் பார்த்த எண்கள் இவை. ஒரே ஒரு ஆதரவு: 0.21. ஐந்து வாக்கில் ஐந்தும் ஆதரவு: 0.57. ஒன்பதுக்கு ஒன்பது: 0.70. நூற்றுக்குத் தொண்ணூறு: 0.83. 40 ஆதரவும் 20 எதிர்ப்பும் வாங்கிய அந்தப் பதிலுக்கு வெறும் 0.54. அப்பாடா என்று இருந்தது எனக்கு. மாவுப்பூச்சித் திரியில் இந்தக் கணக்கு இருந்திருந்தால் அந்த அம்மாவின் பதிலுக்கு இன்னும் நான்கு பேர் வாக்குப் போட்டிருந்தாலே போதும், சண்டை முழுவதும் அதற்குக் கீழே போயிருக்கும்.

முதலில் விழும் இரண்டு மூன்று வாக்குகள் மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போவதுபோலத் தெரிகிறதே?

தெரிவது உண்மைதான். லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் மூவரும் 2013இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட சோதனை இதையேதான் அளந்தது. ஒரு செய்தித் தளத்தில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட மறுமொழிகளில் சிலவற்றுக்கு மட்டும், வந்த உடனே போலியாக ஒரு ஆதரவு வாக்கைப் போட்டார்கள். அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியது. போலி எதிர்வாக்கு போட்டவற்றை மற்றவர்கள் ஆதரவு வாக்குப் போட்டுச் சரிக்கட்டிவிட்டார்கள். ஆக, சும்மா கிடைத்த பாராட்டு ஒட்டிக்கொள்கிறது, சும்மா கிடைத்த திட்டு உதிர்ந்துவிடுகிறது.

என் யோசனை: முதல் சில மணி நேரம் வாக்கு எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். வரிசைக்குப் பயன்படட்டும், கண்ணுக்கு வேண்டாம். ஹேக்கர் நியூஸ் 2011இலிருந்தே மறுமொழிகளின் வாக்கு எண்ணிக்கையை மற்றவர்களுக்குக் காட்டுவதில்லை.

எதிர்வாக்கு வேண்டுமா, வேண்டாமா?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. புதியவர் கையில் எதிர்வாக்கைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் போடுகிறவருக்கும் அதில் ஒரு சிறு செலவு இருக்க வேண்டும்.

2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர்களின் கேள்வி-பதில் தளம் இதை நன்றாகச் செய்தது. அங்கே எழுதுவதற்கு மற்றவர்கள் போடும் வாக்கால் புள்ளி சேரும். ஆதரவு வாக்குப் போட 15 புள்ளி இருந்தால் போதும், எதிர்வாக்குக்கு 125 வேண்டும். ஒரு பதிலுக்கு எதிர்வாக்குப் போட்டால் வாங்கியவருக்கு 2 புள்ளி குறையும், போட்டவருக்கும் 1 குறையும். ஹேக்கர் நியூஸில் 500 புள்ளி தாண்டியவர்தான் மறுமொழிக்கு எதிர்வாக்குப் போடலாம். பதிவுகளுக்கு எதிர்வாக்கே கிடையாது, புகார் மட்டும்தான்.

எதிர்வாக்கு ஆளைத் திருத்தும் என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜஸ்டின் செங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014இல் நான்கு பெரிய செய்தித் தளங்களின் மறுமொழிகளை அலசினார்கள். எதிர்வாக்கு வாங்கியவர்கள் அடங்கவில்லை. அதற்குப் பிறகு அதிகமாக எழுதினார்கள், தரம் இன்னும் இறங்கியது, மற்றவர்களுக்கும் அதிகமாக எதிர்வாக்குப் போட்டார்கள். விலகிப் போகும் வாய்ப்பு அதிகம் இருந்தது யாருமே கண்டுகொள்ளாதவர்களுக்குத்தான். இதைப் படித்த பிறகு எங்கள் தளத்தில் ஒரு பழக்கம் கொண்டுவந்தோம். புதியவர் போடும் முதல் கேள்விக்கு 24 மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் பதில் போட்டே ஆக வேண்டும். பதில் தெரியாவிட்டால், "படம் தெளிவாக இல்லை, இலையின் அடிப்பக்கத்தை எடுத்துப் போடுங்கள்" என்றாவது கேட்க வேண்டும்.

சண்டை நடக்கும் திரிதான் எப்போதும் மேலே வருகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி எண்ணிக்கையை ஆர்வத்தின் அளவாக எடுத்துக்கொள்வதை நிறுத்துங்கள். கோபம் ரொம்ப எழுதும். ஃபேஸ்புக் 2017 வாக்கில் கோப முகத்துக்கும் மற்ற முகக்குறிகளுக்கும் ஒரு லைக்கைப்போல ஐந்து மடங்கு எடை கொடுத்திருந்தது 2021இல் வெளியே வந்தது. கோப முகம் வாங்கும் பதிவுகளில் பொய்யும் வெறுப்பும் அதிகம் என்று அவர்களுடைய ஆட்களே கண்டுபிடித்த பிறகு, கடைசியில் கோபத்தின் எடையைப் பூஜ்யமாக்கினார்கள்.

ஹேக்கர் நியூஸில் சூடேறிய திரியைக் கண்டுபிடிக்க ஒரு தானியங்கி ஏற்பாடு இருக்கிறது. வாக்குகளைவிட மறுமொழிகள் மிஞ்சிப்போனால் அந்தப் பதிவு தானாகக் கீழே இறங்கும். முன்பு சொன்ன கழிவுகளில் இது ஒன்று. நல்ல விவாதமும் சில நேரம் இதில் மாட்டும். அதற்கு ஒரு மனிதர் பார்த்துக் கையால் மீட்டுவிட வேண்டும், வேறு வழியில்லை. நாங்களும் இப்படித்தான் செய்கிறோம். இறக்கப்பட்ட திரிகள் ஒரு தனிப் பட்டியலில் விழும், காலையில் காபியோடு ஒருவர் அதைப் பார்ப்பார்.

தமிழில் பழைய வலைப்பதிவர்களுக்கு, வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தின் வாக்குப் பட்டையும் "சூடான இடுகைகள்" பகுதியும் நினைவிருக்கும். எது மேலே போகும் என்று தெரிந்துவிட்டால் தலைப்பை அதற்கேற்ப வைப்பது மனித இயல்பு. அதனால் யாரையும் குறை சொல்ல மாட்டேன். மேலே போக என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் வைக்கிறீர்களோ, எழுதுகிறவர்கள் அதைத்தான் செய்வார்கள்.

விதிகள் எத்தனை இருக்கலாம்? எங்கே வைப்பது?

ஒரு கைபேசித் திரையில் அடங்குகிற அளவு. எங்கே வைக்கிறோம் என்பதுதான் எத்தனை என்பதைவிடப் பெரிய விஷயம். நேதன் மத்தியாஸ் என்ற ஆய்வாளர் ரெடிட்டின் அறிவியல் பிரிவில் நடத்திய சோதனை 2019இல் வெளிவந்தது. சில திரிகளின் உச்சியில் மட்டும் விதிகளை ஒட்டிவைத்தார்கள். அங்கே முதல்முறை எழுதுகிறவர்கள் விதியை மதித்து எழுதுவது 8 சதவீதப் புள்ளிக்கு மேல் கூடியது. புதியவர்கள் பங்கேற்பது சராசரியாக 70 சதவீதம் ஏறியது. விதியைக் காட்டினால் ஆட்கள் பயந்து ஓடுவார்கள் என்று நினைத்திருந்தோம். கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றவர்கள்தான் உள்ளே வந்தார்கள்.

விதியை எழுதும்போது உதாரணத்தோடு எழுதுங்கள். "நாகரிகமாகப் பேசவும்" என்றால் ஆளுக்கு ஒரு அர்த்தம். "மருந்தைத் திட்டலாம், மருந்து அடித்தவரைத் திட்டக் கூடாது" என்று நாங்கள் மாற்றினோம். அதற்குப் பிறகு வாக்குவாதமே வேண்டியிருக்கவில்லை. அந்த வரியைச் சுட்டினால் போதும்.

நீக்கும்போது காரணம் சொல்ல வேண்டுமா? சொன்னால் அதற்கும் சண்டைக்கு வருகிறார்களே?

வருவார்கள். இருந்தாலும் சொல்லுங்கள். ரெடிட்டில் ஷாகுன் ஜாவரும் குழுவும் செய்த ஆய்வில், காரணம் சொல்லி நீக்கியவர்களின் அடுத்த பதிவுகள் நீக்கப்படும் வாய்ப்பு குறைந்தது. தானியங்கி நிரல் அனுப்பிய காரணமும் மனிதர் அனுப்பியதும் இதில் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. அதனால் எழுத நேரமில்லை என்று சொல்ல இடமில்லை.

நாங்கள் அனுப்புவது இப்படி இருக்கும்: "உங்கள் மறுமொழியின் கடைசி வரி எங்கள் 3ஆம் விதிக்கு மாறாக இருக்கிறது. பூச்சியைப் பற்றி நீங்கள் சொன்ன முதல் இரண்டு வரிகள் பயனுள்ளவை. கடைசி வரியை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். இது தவறு என்று நினைத்தால் இந்தச் செய்திக்கே பதில் எழுதுங்கள், வேறொரு மட்டுறுத்துநர் பார்ப்பார்." பத்தில் பாதிப் பேராவது திருத்திப் போட்டுவிடுகிறார்கள். நீக்கியவரே மேல்முறையீட்டையும் பார்க்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

ஆளுக்குத் தெரியாமலே அவர் எழுதுவதை மற்றவர்களிடமிருந்து மறைத்துவைக்கும் வழக்கம் சில தளங்களில் உண்டு. விளம்பரக் குப்பை கொட்டுகிறவர்களுக்கு அது சரி. மனிதர்களுக்குச் செய்யாதீர்கள். ஆறு மாதம் யாரும் பதில் சொல்லாத அறையில் ஒருவரைப் பேசவிடுவது கொடுமை.

கெட்ட வார்த்தைப் பட்டியல் வைத்துத் தானாகத் தடுத்தால் வேலை மிச்சமாகுமே?

இங்கேதான் தமிழுக்கென்று தனிச் சிக்கல். ஆரம்பத்தில் "நாய்" என்ற சொல்லைத் தடைப்பட்டியலில் போட்டோம். "நாயே" என்று திட்டியது தப்பித்துவிட்டது, ஏனென்றால் அதில் புள்ளி வைத்த ய் இல்லை. சரி என்று புள்ளியை எடுத்துவிட்டு "நாய" என்று போட்டோம். நாயகன், நாயனார், நாயக்கர் எல்லாரும் மாட்டினார்கள். நாயுருவிச் செடியைப் பற்றிக் கேட்டவரும் மாட்டினார். நாய்த்துளசி விதை கேட்ட ஒரு பெரியவரின் பதிவு முன்பே நின்றுபோயிருந்தது. அவர் அதன் இன்னொரு பெயரான கஞ்சாங்கோரை என்று மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறார். "கஞ்சா" என்ற சொல்லும் பட்டியலில் இருந்ததால் இரண்டாவது முறையும் தடை. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, பட்டியலை அன்றைக்கே தூக்கினோம்.

ஒரே சொல் வேற்றுமை உருபு சேர்ந்து பத்து வடிவம் எடுக்கும் மொழி இது. போதாததற்கு ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும்போது ஒரே வசவுக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டு. ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ஒ, ள இரண்டையும் பக்கத்தில் போட்டாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். கொம்பும் காலும் ஒரே குறியாகவோ இரண்டு குறியாகவோ பதிவாகலாம். ஒப்பிடுவதற்கு முன் எழுத்தை யூனிக்கோடு முறைப்படி ஒருநிலைப்படுத்தினால் இந்தக் கடைசிச் சிக்கல் மட்டும் தீரும்.

இதையெல்லாம் தாண்டினாலும், தமிழில் ஆளைக் காயப்படுத்தக் கெட்ட வார்த்தையே தேவையில்லை. அதுவரை "நீங்கள்" என்று பேசிவந்தவர் திடீரென்று "நீ" என்று இறங்கினால் போதும். எந்தப் பட்டியலும் அதைப் பிடிக்காது. அதனால் பட்டியல் எதையும் தடுக்க வேண்டாம், மனிதர் பார்ப்பதற்காகக் கொடி மட்டும் காட்டட்டும்.

மட்டுறுத்துநர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பல வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது 1997இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் பழைய முறை. வழக்கமாக வருகிற உறுப்பினர்களில் சிலரைக் கணினி குலுக்கலில் எடுக்கும். மறுமொழிகளை மதிப்பிட ஆளுக்கு 5 புள்ளி. மூன்று நாளுக்குள் செலவழிக்காவிட்டால் காலாவதி. தான் பேசிய விவாதத்தில் தானே மதிப்பிட முடியாது. மறுமொழிக்கு -1 முதல் 5 வரை மதிப்பெண். எந்த எண்ணுக்கு மேலே உள்ளதைப் பார்ப்பது என்று வாசகரே முடிவு செய்துகொள்ளலாம். மதிப்பிட்டது நியாயமா என்று வேறு உறுப்பினர்கள் பார்க்கும் இரண்டாம் அடுக்கும் இருந்தது. யாரும் நிரந்தர அதிகாரி இல்லை.

தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விஷயங்களை எல்லாரும் பார்க்கப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிர்வாகிகளைப் பற்றிய பேச்சும் அங்கே திறந்தவெளியில் நடக்கலாம். சிறிய தளத்துக்கும் அப்படி ஓர் இடம் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் அந்தப் பேச்சு வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடும், அங்கே உங்களால் பதில் சொல்ல முடியாது.

கள்ள வாக்கை எப்படித் தடுப்பது?

முழுதாக முடியாது. புதிய கணக்கின் வாக்குக்கு ஒரு வாரம் எடை கொடுக்காதீர்கள். ஒரே ஆள் ஒரே ஆளுக்குத் தொடர்ந்து போடும் வாக்குகளை எண்ணாமல் விடுங்கள். விரிவான கணக்கை வெளியே சொல்ல வேண்டியதில்லை, பொதுவான கொள்கையைச் சொன்னால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்தது. 2021இல் வந்த விதிகளின்படி தளம் நடத்துபவர் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றங்கள் பலன் தருகின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மொத்தப் பதிவு, மொத்த வாக்கு என்று எண்ணாதீர்கள், சண்டை வந்தால் இரண்டும் ஏறும். நாங்கள் மூன்றை மட்டும் ஒரு நோட்டில் குறிக்கிறோம். புதியவரின் முதல் கேள்விக்குப் பதில் வர எத்தனை மணி நேரம் ஆனது, அவர் அடுத்த மாதம் மறுபடி எழுதினாரா, மேல்முறையீட்டில் எத்தனை நீக்கல்களை நாங்களே திரும்பப் பெற்றோம். மூன்றாவது எண் பூஜ்யமாக இருந்தால் எனக்குக் கவலை வரும், யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

செம்பருத்தியைப் பிடுங்கிப் போட்டவர் இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வந்தார். கத்தரியில் அதே மாவுப்பூச்சி. பதில் 40 நிமிடத்தில் வந்தது, அதே அம்மாவிடமிருந்து. அன்று மாலை அது முதலிடத்தில் இருந்தது.